அட்டையில் இல்லாத கட்டம்

“சூடுதானுங்க டாக்டரம்மா. அத்தை தொப்புள்ல வெளக்கெண்ணெய் வெச்சு உட்டாங்க, எளநியும் குடிச்சேன். மூணு நாளாச்சு, அடங்கவே மாட்டேங்குதுங்க.”

ஈரோட்டுப் பக்கம் ஒரு ஜவுளிக்கடையின் சேலைப் பிரிவில் வேலை பார்த்துவந்த பெண் அவர். எட்டாம் மாதம். இதைச் சொல்லி முடிப்பதற்குள் பற்கள் கிடுகிடுத்தன. மே மாத மத்தியானத்தில் இரண்டு போர்வை சுற்றிக்கொண்டு வந்திருந்தார். வலப்பக்க விலாவுக்குக் கீழே முதுகில் லேசாகத் தட்டியதும் துடித்துப்போனார். காய்ச்சல் 103 டிகிரி. வயிறு பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கல்லாக இறுகித் தளர்ந்துகொண்டிருந்தது. சிறுநீரகம்வரை தொற்று ஏறி, அந்தக் காய்ச்சலின் வேகத்தில் பிரசவ வலியும் தொடங்கியிருந்தது.

ஊசி, டிரிப்ஸ், வலியை நிறுத்தும் மருந்து என்று இரண்டு நாள் போராடினோம். மூன்றாம் நாள், 33-வது வாரத்தில் குழந்தை பிறந்தது. எடை 1.8 கிலோ. பச்சிளங்குழந்தைப் பிரிவில் 16 நாள் இருந்துவிட்டு, தாயும் பிள்ளையும் நல்லபடியாக வீடு திரும்பினார்கள். பிழைத்ததே பெரிது என்று அந்தக் குடும்பம் கையெடுத்துக் கும்பிட்டது. அந்தக் கும்பிடை ஏற்றுக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. அவருடைய கர்ப்பகால அட்டையை அதற்குள் நான் புரட்டிப் பார்த்திருந்தேன். ஐந்து முறை சிறுநீர் பரிசோதித்திருக்கிறோம். ஐந்து முறையும் ‘அல்புமின் இல்லை, சுகர் இல்லை’. இரண்டும் உண்மை. கடைசி மூன்று பதிவுகளுக்கு எதிரே இருந்தது என் கையெழுத்து. சிறுநீரில் கிருமி இருக்கிறதா என்று ஒருமுறைகூட நாங்கள் பார்க்கவில்லை. அதை எழுத அட்டையில் கட்டமே கிடையாது.

இருக்கிற இரண்டு கட்டங்களும் எளிதில் வந்தவையல்ல. இருபதாவது வாரத்துக்குப் பிறகு ரத்த அழுத்தம் 140/90-ஐத் தொட்டு, சிறுநீரில் அல்புமின் என்ற புரதமும் வெளியேறினால், அடுத்து வரக்கூடியது வலிப்பு. அந்த வலிப்பில் தாயையும் சேயையும் ஒருசேரப் பறிகொடுத்த குடும்பங்கள் எத்தனையோ. மெக்னீசியம் சல்பேட் என்ற மலிவான ஊசி அந்த வலிப்பைப் பாதிக்குமேல் தடுக்கும் என்பதை, 33 நாடுகளில் 10,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த ‘மேக்பை’ ஆய்வு 2002-ல் உறுதிப்படுத்தியது. யாருக்கு அந்த ஊசி தேவைப்படலாம் என்று முன்கூட்டியே காட்டிக்கொடுப்பதில் அல்புமின் கட்டத்துக்குப் பங்கு உண்டு.

சர்க்கரையின் கதையில் தமிழ்நாட்டுக்குத் தனிப் பெருமை இருக்கிறது. கர்ப்பகால நீரிழிவை எல்லாப் பெண்களிடமும் தேட வேண்டும், சந்தேகம் உள்ளவர்களிடம் மட்டும் தேடினால் போதாது என்று சென்னை மருத்துவர் வி.சேஷய்யா ஆண்டுக்கணக்கில் வாதாடினார். வெறும் வயிறாக இருந்தாலும் சாப்பிட்டிருந்தாலும் சரி, 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடிக்கவைத்து, இரண்டு மணி நேரம் கழித்து ஒரே ஒரு ரத்தப் பரிசோதனை. 140-ஐத் தொட்டால் நீரிழிவு. பஸ் பிடித்துக் கிராமத்திலிருந்து வரும் பெண்ணை ‘நாளைக்கு வெறும் வயிற்றோடு வாம்மா’ என்று திருப்பி அனுப்பினால் அவர் வரமாட்டார் என்பது தெரிந்தவர் வகுத்த முறை அது. 2007-ல் தமிழக அரசு எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இந்தப் பரிசோதனையைக் கட்டாயமாக்கியது. சேஷய்யாவின் பிறந்தநாளான மார்ச் 10-ஐ நாடு முழுவதும் கர்ப்பகால நீரிழிவு விழிப்புணர்வு நாளாகக் கடைப்பிடிக்கிறோம். இரண்டாவது கட்டத்துக்காக இவ்வளவு செய்த மாநிலம் இது. மூன்றாவது கட்டத்தையும் இங்கே வரைந்துவிட முடியும் என்று நான் நம்புவதற்கு இதுவே காரணம்.

நம் வீடுகளில் ‘சூடு’ என்ற ஒரே சொல்லுக்குள் எத்தனையோ நோய்கள் அடங்கிப்போகின்றன. சிறுநீர் எரிந்தால் சூடு. அடிவயிறு இழுத்துப் பிடித்தால் சூடு. சொட்டுச் சொட்டாகப் போனால் நீர்க்கடுப்பு, அதுவும் சூட்டினால்தான். வைத்தியமும் கைவசம் இருக்கிறது: இளநீர், நீர்மோர், ஊறவைத்த வெந்தயம், பார்லிக் கஞ்சி. இவற்றை நான் குறை சொல்ல மாட்டேன். தண்ணீர் போதாத உடம்புக்கு எந்த வடிவில் நீர் போனாலும் நல்லதே. ஆனால் கிருமி உள்ளே குடியேறிவிட்ட பிறகு இளநீர் எரிச்சலை ஒரு நாள் தணிக்கும், கிருமியைக் கொல்லாது. எரிச்சல் குறைந்துவிட்டதே என்று வீடு நிம்மதியாகத் தூங்கும் அந்த இரவில் கிருமி மேலே ஏறிக்கொண்டிருக்கும்.

அது ஏறுவதற்குக் கர்ப்பம்தான் வழிசெய்து கொடுக்கிறது. சிறுநீர்ப்பையிலிருந்து வெளியே வரும் குழாய் பெண்ணுக்கு ஏறக்குறைய 4 செ.மீ. நீளம்தான். ஆசனவாயும் அருகிலேயே இருக்கிறது. இது எல்லாப் பெண்களுக்கும் பொது. கரு உண்டானதும் வேறு மாற்றங்களும் சேர்கின்றன. கருவைத் தங்கவைக்கும் புரோஜெஸ்டிரோன் ஹார்மோன், சிறுநீரகத்திலிருந்து பைக்கு இறங்கும் குழாய்களின் தசையையும் தளர்த்திவிடுகிறது. வளரும் கருப்பை அந்தக் குழாய்களை அழுத்துகிறது. அது வலப்பக்கம் சற்றே சாய்வதால் அழுத்தம் வலப்பக்கத்துக்கு அதிகம். ஓடவேண்டிய நீர் தேங்குகிறது. தேங்கிய நீரில் கொஞ்சம் சர்க்கரையும் கசிந்திருந்தால் கிருமிக்கு வேறென்ன வேண்டும்? அந்தப் பெண் வலது விலாவைப் பிடித்துக்கொண்டு வந்தது தற்செயல் இல்லை.

பத்தில் ஏழெட்டு பேருக்கு இந்தத் தொற்றை உண்டாக்குவது ஈ.கோலை. 1885-ல் தியோடர் எஷ்ரிக் விவரித்த இந்தக் கிருமி எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொள்வதில்லை. அவரவர் குடலிலேயே வாழ்வது. இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. தொற்று என்று சொன்னதுமே கூட வந்திருக்கும் மாமியார் மருமகளை ஒரு பார்வை பார்ப்பார். ‘சுத்தமா இருக்கணும்னு எத்தன வாட்டி சொல்றது’ என்று என் முன்னாலேயே சொன்னவர்கள் உண்டு. தினமும் இரண்டு வேளை குளிக்கும் பெண்ணுக்கும் இது வரும். கர்ப்பத்தின் உடற்கூறு அப்படி. ஏதோ தப்பு செய்துவிட்டோம் என்ற கூச்சத்தில் எரிச்சலைச் சொல்லாமல் மறைக்கும் பெண்கள், காய்ச்சலோடுதான் எங்களிடம் வந்துசேர்கிறார்கள்.

மறைக்காதவர்களுக்குமே தெரியாமல் போகும் என்பது இதைவிடப் பெரிய சிக்கல். 1950-களில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் எட்வர்ட் காஸ் என்ற மருத்துவர் ஒரு கணக்கைச் சொன்னார்: ஒரு மில்லி சிறுநீரில் ஒரு லட்சம் கிருமிக்கு மேல் வளர்ந்தால் அது உண்மையான தொற்று, வழியில் கலந்த அழுக்கல்ல. அந்த அளவுகோலை வைத்துக்கொண்டு கர்ப்பிணிகளைப் பார்த்தபோது, எரிச்சலோ காய்ச்சலோ எதுவும் இல்லாமலே பலருடைய சிறுநீரில் கிருமி இருந்தது. நூறு கர்ப்பிணிகளில் இரண்டு முதல் பத்துப் பேருக்கு இப்படி இருக்கும் என்று பின்னாளைய ஆய்வுகளும் சொல்கின்றன. மருந்து கொடுக்காமல் விட்டால் இவர்களில் நான்கில் ஒருவருக்காவது அது சிறுநீரகத்துக்கு ஏறும் என்பது பழைய ஆய்வுகளின் கணக்கு. ஏறினால் கடுங்காய்ச்சல், ரத்தத்தில் நஞ்சு பரவுதல், சிலருக்கு மூச்சுத்திணறல், குறைமாதப் பிரசவம்.

எதிர்க்கணக்கும் இருக்கிறது. 2015-ல் வெளிவந்த நெதர்லாந்து ஆய்வு ஒன்றில், இப்படிக் கிருமி இருந்தும் மருந்து கொடுக்கப்படாத பெண்களில் 2.4 சதவீதத்தினருக்கு மட்டுமே சிறுநீரகத் தொற்று வந்தது. அவ்வளவுதானா, இதற்காக எல்லாரையும் பரிசோதிக்க வேண்டுமா என்று கேட்கும் மருத்துவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆனால் அந்த ஆய்வில் இருந்தவர்கள் ஒற்றைக் கரு சுமந்த, வேறு சிக்கல் இல்லாத, ஆபத்து குறைந்த பெண்கள். என் வரிசையில் நிற்பவர்கள் அவர்கள் இல்லை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியக் கர்ப்பிணிகளில் 52.2 சதவீதத்தினருக்கு ரத்தசோகை. நீரிழிவு உள்ளவர்களும் ஏராளம். எரிச்சலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் இடையில் மூன்று நாளையும் ஒரு விளக்கெண்ணெய்ப் பாட்டிலையும் வைத்திருக்கும் ஊர் இது. உலக சுகாதார நிறுவனம் 2016-ல் வெளியிட்ட கர்ப்பகாலப் பராமரிப்புப் பரிந்துரைகளும், அறிகுறி இல்லாத கிருமியைக் கண்டுபிடிக்கச் சிறுநீர் கல்ச்சர், அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை, செய்யுங்கள், இருந்தால் ஏழு நாள் மருந்து கொடுங்கள் என்கின்றன. கல்ச்சருக்கு வசதி இல்லாத இடத்தில் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்க்கலாம், சிறுநீரில் தோய்த்துப் பார்க்கும் காகிதப் பட்டையைவிட அது மேல் என்றும் சொல்கின்றன.

கர்ப்பத்தின் இயல்பே இந்த நோய்க்குத் திரையாகிவிடுகிறது. அடிக்கடி சிறுநீர் போவதா, கர்ப்பிணிக்கு இயல்பு. இடுப்பு வலியா, இயல்பு. அசதியா, வாந்தியா, எல்லாம் இயல்பு. ‘மாசமா இருந்தா அப்படித்தான்’ என்ற வாக்கியத்தை வீட்டில் பாட்டியும் சொல்கிறார், ஆஸ்பத்திரியில் நாங்களும் சொல்கிறோம். அடிக்கடி போவது இயல்புதான். போகும்போது எரிவது இயல்பு இல்லை. நாற்றத்தோடு கலங்கிப் போவதும், குளிர்நடுக்கமும், ஒருபக்க விலா வலியும் இயல்பு இல்லை. இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு வரவேண்டும், இரவானாலும் சரி.

அந்த ஜவுளிக்கடைப் பெண்ணிடம் உடம்பு தேறிய பிறகு பேசிக்கொண்டிருந்தேன். கடையில் வேலை செய்பவர்களுக்கான கழிப்பறை நான்காவது மாடியில், குடோனுக்குப் பின்னால். வாடிக்கையாளர் கழிப்பறைக்கு அவர்கள் போகக்கூடாது. தரைத்தளத்திலிருந்து மேலே போகவேண்டுமென்றால் மேற்பார்வை பார்க்கும் இளைஞனிடம் சொல்லிவிட்டுப் போகவேண்டும். “அந்தப் பையன்கிட்ட எத்தன தடவைங்க கேக்கறது? ரெண்டாந்தடவையே மூஞ்சியச் சுளிப்பான்.” அவர் கண்டுபிடித்த தீர்வு, தண்ணீர் குடிக்காமல் இருப்பது. காலையில் ஒரு டம்ளர் டீ, மதியம் சோற்றோடு ரெண்டு மடக்கு, இரவு ஒன்பது மணிக்குக் கடை அடைத்து வீடு போய்ச் சேர்ந்ததும் ஒரு செம்புத் தண்ணீர். கர்ப்பம் உண்டாகி எட்டு மாதமும் அப்படியே. இதை அவர் ஒரு குறையாகக்கூடச் சொல்லவில்லை. எங்கள் கடையில் எல்லாரும் அப்படித்தான் என்றார்.

அடிக்கடி சிறுநீர்ப்பைத் தொற்று வரும் 140 பெண்களை ஓர் ஆண்டு பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று 2018-ல் வெளியானது. அவர்கள் கர்ப்பிணிகள் அல்ல. வழக்கமாகக் குடிப்பதோடு தினமும் ஒன்றரை லிட்டர் கூடுதலாகத் தண்ணீர் குடித்தவர்களுக்குச் சராசரியாக 1.7 முறையும், மற்றவர்களுக்கு 3.2 முறையும் தொற்று வந்தது. மருந்து எதுவுமில்லை, தண்ணீர் மட்டும். நாங்களும் ஒவ்வொரு கர்ப்பிணியிடமும் ‘நெறைய தண்ணி குடிம்மா’ என்று சொல்லி அனுப்புகிறோம். குடித்த தண்ணீரை அவர் எங்கே கழிப்பார் என்று நாங்கள் கேட்டதே இல்லை. கழிப்பறை தராத இடத்துக்கு ஒரு பெண்ணை அனுப்பிவிட்டுத் தண்ணீர் குடிக்கச் சொல்வது அறிவுரையே ஆகாது.

இதை எதிர்த்துக் குரல் கொடுத்த கடைப் பெண்களும் உண்டு. கேரளத்தில், கோழிக்கோட்டின் மிட்டாய்த் தெரு கடைகளில் வேலை பார்த்த பெண்கள் ‘பெண்கூட்டு’ என்ற அமைப்பாகத் திரண்டபோது, விஜி என்ற தையல்காரப் பெண்மணி அவர்களை வழிநடத்தினார். உட்காரும் உரிமைக்கான போராட்டமாகத்தான் அதை வெளியுலகம் அறிந்தது. அதற்கும் முன்னால் அவர்களை ஒன்றுசேர்த்தது கழிப்பறைப் பிரச்சினை. கேரளம் 2018-ல் கடைகள் சட்டத்தைத் திருத்தி உட்காரும் உரிமையைத் தந்தது. தமிழ்நாடு 2021-ல் தன் கடைகள் சட்டத்தில் 22-ஏ பிரிவைச் சேர்த்து, வேலை செய்பவர்களுக்கு உட்கார இருக்கை தருவதைக் கட்டாயமாக்கியது. நல்ல சட்டம், மனமார வரவேற்கிறேன். இருக்கை போட்டிருக்கிறதா என்று பார்க்கப் போகும் ஆய்வாளர், பெண்களுக்கான கழிப்பறை எந்த மாடியில் இருக்கிறது, அதில் தண்ணீர் வருகிறதா, யாரிடம் அனுமதி கேட்க வேண்டியிருக்கிறது என்பதையும் பார்த்துவிட்டு வந்தால் எத்தனையோ குறைமாதப் பிரசவங்கள் குறையும். 1961-ன் மகப்பேறு பயன்கள் சட்டத்தில், பிரசவத்துக்கு முந்தைய கடைசி சில வாரங்களில் நெடுநேரம் நிற்கும் வேலையைக் கர்ப்பிணிக்குக் கொடுக்கக்கூடாது என்று எழுதிவைத்தார்கள். ஆனால் ‘அவர் கேட்டுக்கொண்டால்’ என்ற நிபந்தனையோடு. கழிப்பறைக்குப் போகவே கேட்கத் தயங்கும் பெண் இதை யாரிடம் போய்க் கேட்பார்?

மருந்துக்கடைக்கு வருவோம். சூடு தணியாதபோது அடுத்து அங்கேதான் போகிறார்கள், பெரும்பாலும் கணவர் போகிறார். ‘யூரின் எரியுதாம்’ என்றதும் ஒரு சிட்ரேட் சிரப் கிடைக்கும். அது சிறுநீரின் புளிப்பை மாற்றி எரிச்சலைக் குறைக்கும், அவ்வளவுதான். கூடவே நான்கு நார்ஃப்ளாக்சசின் மாத்திரை கிடைக்கும். மனைவி கர்ப்பமாக இருக்கிறார் என்று இவர் சொல்வதில்லை, கடைக்காரரும் கேட்பதில்லை. அந்த வகை மாத்திரையைக் கர்ப்பகாலத்தில் நாங்கள் தவிர்க்கிறோம். டிரைமெத்தோபிரிம் ஃபோலிக் அமிலத்தோடு மோதுவதால் முதல் மூன்று மாதத்தில் ஆகாது. நைட்ரோஃபுரான்டாயின் நல்ல மருந்துதான், பிரசவம் நெருங்கும் வாரங்களில் கூடாது. டெட்ராசைக்ளின் குழந்தையின் பல்லையும் எலும்பையும் பாதிக்கும். மாதத்துக்கு மாதம் மாறும் இந்தக் கணக்கை மருந்துக்கடை மேசைமீது போட முடியாது.

இரண்டு நாளில் எரிச்சல் நின்றதும் மீதி மாத்திரை அலமாரிக்குப் போய்விடுகிறது. பாதி மருந்து பார்த்துப் பழகிய கிருமி மறுமுறை அதே மருந்துக்கு அசைவதில்லை. ஒரு காலத்தில் சாதாரண மாத்திரையில் தீர்ந்த சிறுநீர்த் தொற்றுக்கு இன்று ஆஸ்பத்திரியில் படுக்கவைத்து, கடைசி மருந்தாக வைத்திருக்க வேண்டிய ஊசிகளை எடுக்க வேண்டியிருக்கிறது. கல்ச்சர் வேண்டும் என்று நான் பிடிவாதமாகக் கேட்பதற்கு இதுவும் காரணம். கிருமி இருக்கிறதா என்பதோடு, எந்த மருந்துக்கு அது அடங்கும் என்பதையும் அது சொல்லிவிடுகிறது.

செய்வதில் என்ன சிரமம்? கிருமி நீக்கிய டப்பா வேண்டும். இரண்டு மணி நேரத்துக்குள் ஆய்வகத்துக்குப் போகவேண்டும், இல்லையென்றால் குளிர்பெட்டியில் வைத்து அடுத்த நாளைக்குள் சேர்க்க வேண்டும். முடிவு வர இரண்டு நாள் ஆகும். ஆரம்ப சுகாதார நிலையம் ஒவ்வொன்றிலும் கல்ச்சர் வசதி தேவையில்லை. காசநோய்ச் சளி மாதிரியைச் சேகரித்துப் பெரிய ஆய்வகத்துக்கு அனுப்பும் பழக்கம் நமக்கு உண்டு. அதே 2019-21 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனைகளில்தான் நடந்தன. முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவிக்காகக் கர்ப்பத்தின் தொடக்கத்திலேயே பெயரைப் பதிந்து எண் வாங்குகிறார்கள். பெண்கள் நம்மைத் தேடி வந்துவிட்டார்கள். முதல் முறை ரத்தம் எடுக்கும் அதே நாளில் ஒரு டப்பாவையும் கொடுத்தால் முடிந்தது.

டப்பாவைக் கொடுக்கும் விதத்திலும் கவனம் வேண்டும். ‘யூரின் புடிச்சிட்டு வாம்மா’ என்று கையில் திணித்து, தாழ்ப்பாள் இல்லாத, தண்ணீர் வராத கழிப்பறையைக் காட்டினால் வருகிற மாதிரி எதற்கும் உதவாது. கழுவிவிட்டு, முதலில் வருவதை விட்டுவிட்டு, நடுவில் வருவதைப் பிடிக்க வேண்டும், டப்பாவின் உட்புறத்தில் விரல் படக்கூடாது. இதை ஒரு பெண் செவிலியர், மற்றவர் காதில் விழாமல், அரை நிமிடம் நின்று சொல்ல வேண்டும். கூட்டம் நிறைந்த புறநோயாளிப் பிரிவில் அந்த அரை நிமிடம் எவ்வளவு அரிது என்பது எனக்குத் தெரியும்.

இன்னொன்று, வளைகாப்பு. ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளையல் அடுக்கி, பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப்போகிறார்கள். நல்ல வழக்கம், அம்மா கையால் நாலு வேளை சாப்பிட்டு, ஓய்வெடுத்து, தண்ணீரும் கழிப்பறையும் கேட்காமல் கிடைக்கும் காலம் அது. ஆனால் கணவர் ஊரில் எடுத்த கல்ச்சரின் முடிவு அவரைத் தேடி இன்னொரு மாவட்டத்துக்குப் போவதில்லை. அங்கே புது டாக்டர், புதுத் தொடக்கம். பதிவு எண்ணைத் தட்டினால் எந்த ஊர் ஆஸ்பத்திரியிலும் அந்த முடிவு கண்ணில் படும்படி செய்துவிட்டால் போதும்.

அந்தப் பெண் மூன்றாண்டு கழித்து மீண்டும் கர்ப்பமாக வந்தார். 14-வது வாரத்தில் கல்ச்சர் எடுத்தோம். ஒரு மில்லிக்கு லட்சத்துக்கு மேல் ஈ.கோலை. எரிச்சல் இல்லை, காய்ச்சல் இல்லை. “எனக்கு ஒண்ணுமே பண்ணலைங்களே” என்றார். ஏழு நாள் மாத்திரை கொடுத்து, முடிந்து ஒரு வாரம் கழித்து மறுபடி பார்த்தோம், கிருமி இல்லை. அதற்குப் பிறகும் மாதம் ஒருமுறை பார்த்தோம். முடிவை எழுத அட்டையில் இடமில்லாததால், சுகர் கட்டத்துக்குப் பக்கத்தில் ஸ்கேல் வைத்து ஒரு கோடு இழுத்து, மேலே ‘கல்ச்சர்’ என்று எழுதினேன். எங்கள் நர்ஸ் இப்போது புது அட்டையைக் கையில் எடுத்ததும், பெயர் எழுதும் முன்பே அந்தக் கோட்டைப் போட்டுவிடுகிறார்.